வருத்தம் மாறிய பின்

பென்டில் ஹில், சிட்னி
9 நவம்பர் 1975

அன்புள்ள விக்னா,

இங்கே நான், வேதவல்லி, என் தகர விசிலின் ஆறு துளைகள், எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, கமலினி, உன் மேளத்தின் ஆட்டுத்தோல் எப்படி என்று ஒரு வரி எழுதக் கூடாதா? நான் மெல்போர்னை விட்டு வந்து நாலு மாசம் ஆகப்போகிறது. பக்கத்து ஊருக்குப் போனவனை மறப்பது போல மறந்துவிட்டாய்.

உன்னை முதலில் பார்த்த சனிக்கிழமையை நேற்று வேதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கி அந்த பிரன்ஸ்விக் மதுக்கடையின் பின்னறைக்குள் வந்தவன், ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டு, ஐரிஷ்காரர்கள் வாசிக்க வாசிக்க மேசைமேல் தகிட தகிட என்று தட்டிக்கொண்டிருந்தாய். டிராம் ஓட்டி ரிடையரான நம் டூலன் கிழவர் பிடிலை நிறுத்தாமலே கண்ணால் உன்னைக் காட்டி, சுவரில் தொங்கிய பவ்ரானை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பெரிய சல்லடை அளவுக்கு ஒரு வளையம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல், அடிக்க ஒரு சின்னக் குச்சி. நீ குச்சியை மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டு விரலால் அடித்தாய். நான் விசிலை வாயிலிருந்து எடுத்து, "மிருதங்கமா?" என்று கேட்டேன். "ஓம், பள்ளிக்கூடத்தில கொஞ்சம்" என்றாய். அந்த அறையில் அதுவரைக்கும் நான் ஒருவன்தான் தமிழன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் சொன்னதே இல்லை.

இங்கேயும் ஒரு பின்னறை கண்டுபிடித்துவிட்டேன், சர்ரி ஹில்ஸில். சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறார்கள். பவ்ரான் அடிப்பவன் மக்கார்த்தி என்று ஒரு பூச்சுவேலைக்காரன். பொய் சொல்லக் கூடாது, கை நன்றாக ஓடுகிறது. ஆனால் நான் ஒரு சங்கதி போட்டால் நீ சிரிப்பாயே, அது அவனிடம் இல்லை.

மார்ச்சில் செயின்ட் பாட்ரிக் திருநாளை ஒட்டி மாதாகோவில் மண்டபத்தில் கச்சேரி வைக்கிறார்கள். நீ வர வேண்டும். நாம் இருவரும் சேர்ந்து அந்த "ரொட்டிக்காரனின் நனைந்த பூட்ஸ்" வாசிக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு இப்படியெல்லாம் பெயர் வைக்கிறவர்களை நம்பித்தான் நாம் சனிக்கிழமைகளைக் கழித்தோம்.

உன்
பார்த்தசாரதி


பிரன்ஸ்விக், மெல்போர்ன்
2 டிசம்பர் 1975

அன்பின் சாரதி,

உம்முடைய கடிதம் வந்த அன்று நான் வேலையால் வர முன்னமே கமலினி பிரித்து வாசித்துவிட்டாள். "உங்களை நீ, நீ எண்டு எழுதியிருக்கிறார்" என்று அவளுக்குக் கொஞ்சம் முறைப்பு. அது இந்தியாக்காரரின் அன்பு என்று விளங்கப்படுத்தினேன். நான் "நீர்" என்று எழுதுவது புராண நாடகம் பார்ப்பது போல இருக்கிறது என்று நீர் முன்பு சொன்னதையும் சொன்னேன். அதற்கும் முறைத்தாள்.

எங்கள் ஊரில் சாரதி என்றால் பஸ் ஓட்டுபவர். இஞ்சினியர் ஒருவர் தன்னை டிரைவர் என்று அறிமுகப்படுத்துகிறாரே என்று முதல் நாள் நான் யோசித்தது உமக்குத் தெரியாது.

அதைவிடப் பகிடி, நான் உம்முடைய காதுக்குள் "ஆறுதலாய் வாசியும்" என்று சொன்ன நாள். நான் கேட்டது மெதுவாய் வாசிக்கச் சொல்லி. நீர் என்னவோ, எனக்கு ஆறுதல் சொல்லும்படி கேட்கிறேன் என்று நினைத்து, துள்ளி ஓட வேண்டிய பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருக்கி வாசித்தீர். டூலன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகுதானே இரண்டு சொல்லும் படித்தீர்: ஆறுதலாய் என்றால் மெல்ல, கெதியாய் என்றால் வேகமாய்.

என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டும். அவர்கள் எந்தப் பாட்டையும் மூன்று சுற்று வாசித்துத்தான் விடுவார்கள். நான் பழக்கதோஷத்தில் இரண்டாம் சுற்று முடியும்போதே மூன்று தரம் அடித்துத் தீர்மானம் வைத்து முடித்தேன். மேளம் முடித்தால் முடிந்ததுதான் என்று எல்லோரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். நீர் மட்டும் மூன்றாம் சுற்றில் தனியாய் ஊதிக்கொண்டு போனீர். இப்போதும் யாராவது பாதியில் நிறுத்தினால் டூலன் அதை "விக்கி முடிப்பு" என்றுதான் சொல்கிறார்.

வெயில் தொடங்கிவிட்டது. தோல் இறுகிப்போய் தகரம் போலச் சத்தம் வருகிறது. வழக்கம்போல ஒரு கிளாஸ் கறுத்த பியர் வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மேளத்துக்குத் தடவி, மிச்சத்தை டூலனுக்குக் கொடுக்கிறேன். போன கிழமை நம்முடைய சைவ சங்கத்துச் சிவபாலன் ஜன்னலால் பார்த்துவிட்டார். விக்னராஜா குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று இப்போது சைவ ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மேளம்தான் குடித்தது என்றால் யார் நம்புவார்கள்?

பின்னறையில் உம்முடைய கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது, இன்னும் யாரும் அதில் இருப்பதில்லை. மார்ச்சில் கட்டாயம் வருவேன்.

அன்புடன்
விக்னராஜா


பென்டில் ஹில்
18 ஜனவரி 1976

அன்புள்ள விக்னா,

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மார்ச் இருபது, சனிக்கிழமை. ஒரு சபைக்கு ஒரு மேளம்தான் என்று டூலன் வைத்த சட்டம் இங்கேயும் உண்டு. அதனால் அன்றைக்கு மக்கார்த்தி எழுந்து உனக்கு இடம் விட வேண்டும். அவனிடம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய மனசோடு சரி என்றான். இப்போதெல்லாம் அவனோடு வாசிப்பது எனக்கும் பழகிவிட்டது, நல்ல பையன், நீ பார்த்தால் உனக்கும் பிடிக்கும்.

நோட்டீஸில் உன் பெயரை அச்சடித்தாயிற்று. ஐரிஷ்காரர்களுக்கு வாயில் நுழையாது என்று "விக்கி ராஜா" என்று போட்டிருக்கிறார்கள், சினிமாக்காரன் மாதிரி. கமலினியையும் அழைத்து வா. வேதா இப்போதே அரிசி ஊறப்போடுகிற உற்சாகத்தில் இருக்கிறாள்.

உன்
பார்த்தசாரதி


பிரன்ஸ்விக்
15 பிப்ரவரி 1976

அன்பின் சாரதி,

இதை எழுத வேண்டாம் என்று கமலினி சொன்னாள். உமக்கு ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாளாய் எனக்கு நெஞ்சில் வருத்தம். நீர் இதைப் பெரிதாய் எடுக்க வேண்டாம். ஆனால் மார்ச்சில் வர ஏலாது. மேளத்தைத் தூக்கவே மனமும் இல்லை, கையும் வருகுதில்லை. மக்கார்த்தியையே வாசிக்கச் சொல்லும். அவருக்குக் கை நன்றாய் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர், உமக்கும் பழகிவிட்டது. அவரை எழுப்பிவிட்டு நான் இருப்பதும் முறையில்லைத்தானே.

வருத்தம் மாறிய பின் வருகிறேன்.

விக்னராஜா


பென்டில் ஹில்
24 பிப்ரவரி 1976

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. காரணம் எனக்குப் புரிகிறது. விளக்கம் எதுவும் வேண்டாம்.

தாங்கள் விரும்பியபடி மக்கார்த்தியே வாசிப்பார். நோட்டீஸ் அச்சாகிவிட்டதால் தங்கள் பெயரைப் பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறோம். தங்கள் வருத்தம் மாறினால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு
இரா. பார்த்தசாரதி


பிரன்ஸ்விக்
4 ஏப்ரல் 1976

அன்பின் சாரதி,

"தாங்கள்", "தங்கள்" என்றெல்லாம் நீர் எழுதியதைப் பார்த்துக் கமலினிக்குச் சரியான சந்தோஷம். "உங்கட சிநேகிதர் கடைசியா மரியாதை பழகிட்டார்" என்கிறாள். எனக்கென்றால் பழைய "நீ"தான் வேண்டும்.

கச்சேரி எப்படி? அன்று பின்னேரம் இங்கே மழை. நேரம் பார்த்து, இப்போது ரொட்டிக்காரன் நடக்கும், இப்போது மூன்றாம் சுற்று என்று கமலினிக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

எனக்கு வருத்தம் இன்னும் மாறவில்லை. சில நாள் குறையுது, சில நாள் கூடுது. சனிக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. டூலன் வேறு யாரையும் மேளம் தொட விடுகிறாரில்லையாம். மேளமில்லாமல் வாசிக்கிறார்களாம், பாவங்கள்.

நீர் ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன? பக்கத்தில் இருந்து நீர் ஒரு பாட்டு வாசித்தால் பாதி வருத்தம் மாறிவிடும் என்று நினைக்கிறேன். வேலை இருந்தால் வேண்டாம். ஆனால் வந்தால் நல்லது.

அன்புடன்
விக்னராஜா


பென்டில் ஹில்
19 ஏப்ரல் 1976

அன்புடையீர்,

கச்சேரி நன்றாக நடந்தது. விசாரித்ததற்கு நன்றி.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மாசக்கணக்காக வருத்தத்தை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை வாசிப்பையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், அதற்கு இன்னொருவர் என்ன செய்ய முடியும்? தானாக வந்த வருத்தம் தானாகவே மாறட்டும். அதை மாற்றுவதற்கு சிட்னியிலிருந்து நான் ரயில் ஏறி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. டூலனையும் மற்றவர்களையும் இதில் கஷ்டப்படுத்துவது அதைவிட நியாயமில்லை.

இப்படிக்கு
இரா. பார்த்தசாரதி


பென்டில் ஹில்
13 ஜூன் 1976

விக்னா,

இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை. அடுக்களை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

எங்கள் தெருவுக்குப் புதிதாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. ஜெயரட்ணம் என்று ஒரு கணக்கர், மனைவி ரஞ்சினி. அவர்களுடைய ஏணியை இரவல் வாங்கியிருந்தேன், திருப்பிக் கொடுக்கப் போனேன். ரஞ்சினிதான் கதவைத் திறந்தாள். ஜெயரட்ணம் இல்லையா என்று கேட்டேன்.

"படுத்திருக்கிறார் அண்ணா. அவருக்கு வருத்தம்" என்றாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏணியைச் சொல்லாமல் அதிக நாள் வைத்துக்கொண்டதற்காக இருக்குமோ என்று நினைத்து, "யார் மேலே?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "ஆர் மேலயோ? உடம்பிலதான். ரெண்டு நாளாக் காய்ச்சல், இருமல். டொக்டர் மருந்து தந்திருக்கிறார். நாளையிண்டைக்கு மாறிடும்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் விக்னா. வருத்தம் என்றால் நோயா என்று கேட்டேன். ஓம் என்றாள். மாறும் என்றால் குணமாகும் என்று அர்த்தமா என்றேன். ஓம் என்றாள். அப்படியானால் நெஞ்சு வருத்தம் என்றால் என்ன அம்மா என்றேன். அது ஹார்ட் அல்லோ அண்ணா, ஏன் உங்களுக்கு ஏலாமல் இருக்கோ, உள்ள வந்து இருங்கோ என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் மனத்தாங்கல். ஒருத்தர் மேல் இன்னொருத்தருக்கு வருவது. நான் மக்கார்த்தியைப் புகழ்ந்து எழுதியதில் உனக்கு என்மேல் மனத்தாங்கல் வந்துவிட்டது, அது மாறினால்தான் வருவேன் என்று நீ முறுக்கிக்கொண்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் பிப்ரவரி கடிதத்தை எடுத்து மறுபடி பார். எங்கள் தமிழில் அதை வேறு எந்த மாதிரியும் படிக்க முடியாது. அந்தக் கோபத்தில்தான் தாங்கள் என்றும் தங்கள் என்றும் எழுதினேன். உன் வீட்டில் அதை மரியாதை என்று கொண்டாடியிருக்கிறீர்கள்.

ஆறுதலாய் தெரியும், கெதியாய் தெரியும். இந்த ஒரு சொல் எப்படித் தெரியாமல் போயிற்று என்று ராத்திரி முழுக்க வேதாவோடு பேசினேன். நாம் பழகிய காலத்தில் நீ ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. ஒரு ஜலதோஷத்துக்காவது நீ வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சொல் அப்போதே எனக்குத் தெரிந்திருக்கும்.

தானாக மாறட்டும் என்று நான் எழுதியதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு முடியாதவன் ஒருமுறை வந்து பார் என்று கேட்டதற்கு நான் எழுதிய பதில் அது.

உங்கள் வீட்டில் போன் இல்லை. தந்தி கொடுத்தால் கமலினி பயந்துபோவாள். அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமைதான் விடுகிறார்கள். அன்றைக்கு ரயில் ஏறுகிறேன். வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன். வாசலில் நிறுத்தி வைத்தாலும் நிற்பேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி, கமலினியையாவது எழுதச் சொல்.

உன்
சாரதி


பிரன்ஸ்விக்
17 ஜூன் 1976

அன்பின் சாரதி,

நான் எழுதுகிறேன், நீங்கள் படுங்கோ என்று கமலினி எவ்வளவோ சொன்னாள். இதை நான்தான் எழுத வேண்டும். கோடு கோணலாய்ப் போனால் குறை நினைக்க வேண்டாம், தலையணையில் வைத்து எழுதுகிறேன்.

உம்முடைய கடிதத்தில் "யார் மேலே?" என்று நீர் கேட்ட இடம் வந்ததும் எனக்குச் சிரிப்புப் பிடித்துவிட்டது. கமலினி குசினிக்குள் இருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். என்னால் சொல்ல முடியவில்லை, கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவள் வாசித்துச் சிரித்தாள். பிறகு கட்டிலில் இருந்து அழுதாள். ஏப்ரலில் இருந்து உம்முடைய பெயரை இந்த வீட்டில் சொல்ல விடாதவள் அவள்.

உம்முடைய ஏப்ரல் கடிதம் எனக்குச் சரியாய் நொந்தது. மறைக்கத் தேவையில்லை. அது வந்தபோது நான் ஆஸ்பத்திரியில். கட்டிலுக்குக் கீழே இருந்த பையில் வைத்துவிட்டு, சாரதி இப்படி எழுதக்கூடிய ஆள் இல்லையே, இல்லையே என்று தலைக்கு மேலே மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இல்லைத்தான். அது இப்போது தெரிந்துவிட்டது, எனக்கு அது போதும். ஒரு சொல்லுக்காக நீர் வாசலில் எல்லாம் நிற்க வேண்டாம். குளிர் காலம்.

ஆஸ்பத்திரிக்கு டூலன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பவ்ரானையும் ஒருநாள் கொண்டுவந்து, நர்ஸ் ஏசின பிறகும் கொண்டு போகவில்லை. இப்போது அது வீட்டில் எனக்கு நேரே அலுமாரிக்கு மேல் இருக்கிறது. குளிருக்குத் தோல் தளர்ந்துவிட்டது. ஹீட்டருக்குக் கிட்ட வைக்கச் சொன்னால், முதலில் உங்களைச் சூடாக்குங்கோ என்கிறாள் கமலினி. மேளம் அடிக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். படி ஏறவும் கூடாது. இனி ஒப்பரேஷன் செய்து, வெட்டித் திருத்தவும் ஏலாதாம்.

நீர் வந்து ரொட்டிக்காரனை வாசியும். எங்களூரில் அவன் பாண்காரன், அவனுடையது சப்பாத்து, அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு அதில் ஒரு சண்டை வேண்டாம். நான் போர்வைக்கு மேல் விரலால் தகிட சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் தீர்மானம் வைக்க மாட்டேன். மூன்றாம் சுற்றையும் கேட்க எனக்கு ஆசை.

இனி ஒன்றையும் நாம் பிழையாய் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஆகவே தெளிவாய் எழுதுகிறேன். என்னுடைய தமிழில் எனக்கு வருத்தம்தான், அது மாறாது என்று நினைக்கிறேன். உம்முடைய தமிழில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி என்று எழுதியிருக்கிறீர். அலுவலகத்தில் இன்னுமொருக்கா கேட்டுப் பாரும். வந்த பிறகு ஆறுதலாய் வாசிக்கலாம், சாரதி. கெதியாய் வாரும்.

விக்னராஜா